பாவாயைட்

ஜூன் 14. சேலம். காலையில் வெயில், பிறகு மூட்டம்.

களக்குறிப்பு எழுதியே பழகிய கை. தேதி, ஊர், வானிலை போடாவிட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. முப்பது வருடமாகக் கல்லைப் பற்றியே எழுதியாயிற்று. என்னைப் பற்றி எழுத இன்றைக்குத்தான் ஒரு காரணம் கிடைத்தது.

ஹைதராபாத்திலிருந்து பொன்னுரங்கம் பேசினான். எம்.எஸ்ஸி.யில் என்னோடு படித்தவன். நான் இங்கே கல்லூரியில் பிள்ளைகளுக்கு நிலவியல் பாடம் எடுத்துக்கொண்டிருக்க, அவன் அங்கே பெரிய ஆய்வு நிறுவனத்தில் பெரிய நாற்காலியில் இருக்கிறான். இருந்தாலும் போனை எடுத்தால் அதே ரங்கம்தான்.

"ஏய் பாவாயி, உக்காந்திருக்கியா, நின்னுட்டிருக்கியா?"

"இட்லி ஊத்திட்டிருக்கேன். சொல்லித் தொலை."

"அடுப்பை அணைச்சுட்டு உக்காரு. உன் கல்லு புதுசு. உலகத்துல இதுவரைக்கும் யாரும் பார்க்காத கனிமம்."

அடுப்பை அணைத்தேனா என்று இப்போது நினைவில்லை. இட்லி கல்லாகிவிட்டது என்று இவர் சொன்னதிலிருந்து அணைக்கவில்லை என்று தெரிகிறது.

அந்தக் கல் கிடைத்த கதையை எழுதி வைக்கிறேன். பிள்ளைகளை வெள்ளக்கரட்டுக்குக் கூட்டிப்போன வருடம். கைவிட்ட குவாரி. எல்லோரும் பெரிய பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பு அறுந்துபோய் ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு விரிசல். அதற்குள் வேப்பங்கொழுந்து நிறத்தில் ஊசி ஊசியாய் ஏதோ ஒன்று. எனக்குத் தெரிந்த எந்தக் கனிமமும் அப்படி இருக்காது. உடைத்து எடுத்துவந்து, வருடக்கணக்கில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் போனதுதான் மிச்சம். இங்கே இருக்கிற கருவியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ரங்கத்துக்கு அனுப்பினேன்.

அவன் அடுத்துச் சொன்னதுதான் முக்கியம்.

"கண்டுபிடிச்சவங்க தன் பேரைத் தானே வெச்சுக்கக் கூடாது. அது விதி, உனக்கே தெரியும். கட்டுரையில உன் பேரு இருந்துச்சுன்னா கல்லுக்கு உன் பேரை வைக்க முடியாது. நீ வெளிய நில்லு. நாங்க எழுதறோம். உன் பேரை நாங்க வைக்கிறோம்."

"கட்டுரையில என் பேரே வராதா?"

"கட்டுரையைப் பத்து வருஷத்துல எவனும் படிக்க மாட்டான். கல்லோட பேரு உலகம் இருக்கற வரைக்கும் இருக்கும். எது வேணும் உனக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

ஜூன் 15

பா-வா-யைட். மூன்று அசை. நடுவில் அழுத்தம்.

ஜூன் 21. தூறல்.

இரண்டாம் ஆண்டுக்கு முதல் வகுப்பு. என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சொல் வந்தாலும் மூன்று வரி எழுத வேண்டும். அசை பிரித்து ஒரு வரி, வாயில் சொல்வது எப்படி என்று ஒரு வரி, பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி. அதற்குப் பிறகுதான் கடினத்தன்மை, நிறம், பிளவு எல்லாம். பேரைச் சொல்லத் தெரியாதவன் கல்லைத் தெரியும் என்றால் நான் நம்ப மாட்டேன்.

நைஸ் என்கிற பாறையின் பெயரை, இங்கிலீஷில் முன்னால் இருக்கும் ஜி எழுத்தையும் சேர்த்து "க்நெய்ஸ்" என்று இருமினான் பிரகதீஷ். அந்த எழுத்துக்கு வேலை கிடையாது, சும்மா நிற்கிறது, உங்களில் சில பேரைப்போல என்றேன். சிரித்தார்கள். குருந்தம் என்கிற நம்முடைய சொல்தான் வெளிநாடு போய்க் கொரண்டம் ஆகித் திரும்பி வந்தது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சார்னகைட் வந்தது. கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறையில் வைத்த கல். அவர் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார்கள். பல்லாவரம் பக்கம் மலைமலையாய்க் கிடக்கும் பாறைக்கு, கல்கத்தாவில் செத்தவர் பெயர்.

"நம்ம ஊர்க்காரங்க பேருல ஏதும் இல்லீங்களா மேடம்?" என்று கேட்டாள் ஒரு பெண்.

வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. புதுக் கனிமங்களை ஏற்கிற உலகக் குழு முடிவை அறிவிக்கும் வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று ரங்கம் சொல்லியிருக்கிறான். "வரும், வரும்" என்று மட்டும் சொன்னேன். எனக்கே முகம் சூடாகிவிட்டது.

என் பெயரைப் பற்றி எழுத வேண்டும். பாவாயி. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பாவாயி உண்டு. சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்ந்த முதல் நாள் வருகைப் பதிவில் வாசித்தபோது வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பாவை என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். மெஸ்ஸில் ரங்கம் எதிரில் வந்து உட்கார்ந்து, "உன் பேரு பாவாயிதானே? எதுக்கு அதை வெட்டற?" என்றான். அன்றைக்கு அவன்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஜூன் 28

ரங்கத்துக்கு என் போட்டோவும் வாழ்க்கைக் குறிப்பும் வேண்டுமாம். ஸ்டூடியோவுக்குப் போனேன். மாம்பழக் கலர் பட்டுப் புடவை. இவர் வாசலில் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, கல்லு வீட்டுல இருந்து பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"வர்றாங்க. உங்களை என்ன சொல்லி அறிமுகப்படுத்தறதுன்னுதான் யோசிக்கிறேன்."

போட்டோவில் தாடை இரண்டாகத் தெரிகிறது. இருக்கட்டும், கல்லில் முகம் வரப்போவதில்லை. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 10. காற்று அதிகம். துணி காயப்போட்டது பக்கத்து மாடிக்குப் போய்விட்டது.

இவரோடு சண்டை. முத்துவேலப்பன் என்கிற இந்த மனிதர் பேங்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லோரும் ஜாமீன் இல்லாமல் வந்து நிற்கிறவர்கள் என்று அவருக்கு நினைப்பு.

"எழுதி வாங்கினயா?" என்று கேட்டார்.

"எதை?"

"உம் பேரைத்தான் வைக்கறாங்கன்னு. ஒரு ஈமெயில், ஒரு துண்டுச் சீட்டு?"

"ரங்கம்கிட்டப் போய் எழுதி வாங்கறதா? அவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதான் கேக்கறேன்."

"உங்களுக்கு ஒரு பொம்பளை பேரு வெளிய தெரிஞ்சா பொறுக்காது" என்று சொல்லிவிட்டேன். அது அநியாயம். எனக்காக வேலை மாற்றமே வாங்கிக்கொண்டு சேலத்துக்கு வந்தவர் இவர். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவும் மனசு வரவில்லை. ராத்திரி சப்பாத்தியைச் சூடாகப் போட்டேன். இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 27

ஆடிக்கு விருந்தாட்கள். எழுத நேரமில்லை. ரங்கம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டானாம். வரைவு ஒன்று எனக்கும் அனுப்பு என்றேன். "நீ வெளிய நிக்கற ஆளு. உன்கிட்ட வரைவு வந்ததுன்னு தெரிஞ்சா தப்பாயிடும்" என்றான். அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 19. பகலில் புழுக்கம், மாலையில் நல்ல மழை.

ஆய்வகத்தில் தமயந்தி. எங்கள் துறையில் இளையவள், சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, கெட்டிக்காரி. எதையும் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்க்கிற புத்தி. அவளிடம் மட்டும் கொஞ்சம் கோடி காட்டியிருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கணும்னா அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும்னு விதி இருக்குங்களே. உங்ககிட்ட வாங்கிட்டாங்களா?"

"கடைசியில வாங்குவாங்க."

"விண்ணப்பத்தோடயே வெக்கணும்னு படிச்ச மாதிரி..."

"தமயந்தி, அந்த மெல்வெட்டுத் தட்டையெல்லாம் வரிசையா அடுக்கு முதல்ல."

அடுக்கினாள். கல்லை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்தன.

வீட்டுக்கு வந்து விதியை எடுத்துப் படித்தேன். விண்ணப்பத்தோடுதான் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ரங்கம் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். அவனுக்குத் தெரியாததா? வாயால் சொன்ன சம்மதமே போதும் என்று குழு ஒத்துக்கொண்டிருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் பழகியவனைக் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க நான் என்ன தமயந்தியா?

ஆகஸ்ட் 23

இருந்தாலும் ஒரு செய்தி அனுப்பினேன். "சம்மதக் கடிதம் ஏதும் வேண்டுமா?" என்று சாதாரணமாக. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. வேண்டும் என்றா, வேண்டாம் என்றா தெரியவில்லை. வேண்டாம் என்றுதான் இருக்கும்.

செப்டம்பர் 12

கேஸ் தீர்ந்துவிட்டது. இவருக்கு முட்டிவலி. ரங்கத்தை மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பான்.

அக்டோபர் 6. தெளிவான வானம்.

அவனே பேசினான். எவ்வளவு நாள் ஆயிற்று இந்தக் குரலைக் கேட்டு!

"பாவாயி, உன்கிட்ட இன்னும் ஒரு துண்டு இருக்குதில்ல? அதையும் அனுப்பு. மியூசியத்துல வைக்கணும். அதுதான் உலகத்துக்கே மாதிரிக் கல்."

இருக்கிற ஒரே துண்டு அது. மற்றதெல்லாம் சோதனைக்குப் பொடியாகிவிட்டது. வெள்ளக்கரட்டு விரிசலையும் போன வருடம் மண் தள்ளி மூடிவிட்டார்கள். கொஞ்சம் தயங்கினேன்.

"உன் கல்லு, உன் பேரு, மியூசியத்துல கண்ணாடிக்குள்ள. உன் பேரக் குழந்தைங்க வந்து பார்க்கும்" என்றான். தயக்கம் போன இடம் தெரியவில்லை.

"அப்புறம், அந்த லேபிளை எடுத்துட்டு அனுப்பு. இங்க புதுசு ஒட்டிக்கறோம். பழைய பிசின் கல்லைக் கெடுக்கும்."

நான் ஒட்டிய லேபிள். வெள்ளக்கரடு, எடுத்த தேதி, என் பெயர், என் கையெழுத்து. வெந்நீரில் நனைத்த துணியை மேலே போட்டு, ஊற வைத்து, நகத்தால் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். கிழியாமல் முழுசாக வந்தது. இவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

பஞ்சு சுற்றி டப்பாவில் போட்டு கூரியர் அனுப்பியாயிற்று.

அக்டோபர் 23. ஆயுத பூஜை.

நுண்ணோக்கிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். லென்ஸில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் கத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒருத்தன் வைக்கிறான். பொரி, சுண்டல். சுத்தியலை என் மேசையில் வைத்து விழுந்து கும்பிட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன். மே மாதத்தோடு ஓய்வு. தமயந்தி வந்து, "அதுக்குள்ள பேரு வந்துடணும் மேடம்" என்றாள். அவளுக்கு நல்ல மனசு. ஆகஸ்டில் அவளை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

நவம்பர் 13

தீபாவளிக்கு ரங்கத்திடமிருந்து வாழ்த்து வந்தது. எல்லோருக்கும் ஒரே சொடுக்கில் போகிற மத்தாப்புப் படம். வருடா வருடம் போன் செய்து, "என்ன பாவாயி, அதிரசம் உடைஞ்சுதா?" என்று கேட்பான். இந்த வருடம் உடையவில்லை. சொல்லத்தான் ஆளில்லை.

நவம்பர் 29. பனி ஆரம்பம்.

பாஸ்! பாஸ்! பாஸ்! குழு ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டது. ரங்கம் ஒரு நிமிஷம்தான் பேசினான்.

"பேரு?" என்றேன்.

"பேரும் பாஸ்தான்."

"சொல்லேன் ஒரு தடவை. உன் வாயால கேக்கறேன்."

"ஏய், ரகசியம்ப்பா. அறிவிக்கற வரைக்கும் பொண்டாட்டிகிட்டயே சொல்லல. வெக்கட்டுமா?"

இவரை அனுப்பி ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். ரகசியம் என்றேன். "உம் பேருதானே?" என்றார். "பின்னே, உங்க பேரா?" என்றேன். அவர் ஒரு ஜாங்கிரி எடுத்து என் வாயில் வைத்தார். அந்தக் கையைப் பார்க்கையில் ஜூலையில் பேசியதற்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோங்க என்றேன். எதுக்கு என்று கேட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

நாள் முழுக்க வாய்க்குள் பாவாயைட், பாவாயைட். ஜப்பான்காரன் எப்படிச் சொல்வான்? ருஷ்யாக்காரன்? ய-வில் தடுக்கி விழுவார்கள். விழட்டும். நாங்கள் அவர்கள் பெயரிலெல்லாம் விழவில்லையா?

ஜனவரி 4

எழுத முடியவில்லை.

ஜனவரி 5. வானிலை பார்க்கவில்லை.

நேற்று பதினொரு மணி வகுப்பு முடிந்து வந்தேன். தமயந்தி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். செல்போனைக் கையில் வைத்திருந்தாள், நீட்டவில்லை.

"அறிவிச்சுட்டாங்களா?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், உக்காருங்க."

பிடுங்கிப் பார்த்தேன். கிடைத்த இடம் வெள்ளக்கரடு. நிறம், வடிவம், எல்லாம் என் கல். பெயர் பொன்னுரங்கைட்.

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவே இல்லை. தன் பெயரைத் தானே வைக்கக் கூடாதே, தட்டச்சில் ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன். விண்ணப்பித்தவர்கள் பெயரைத் தேடினேன். அவனுடைய மாணவன் ஒருவன், வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர். ரங்கம் இல்லை. ரங்கம் வெளியே நின்றுவிட்டான். எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வழி. வெளியே நின்றால்தான் பேர் கிடைக்கும் என்று என்னிடம் சொன்னவன், என்னை வெளியே தள்ளிவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து அவனும் நின்றுகொண்டான்.

தமயந்தி தண்ணீர் கொடுத்தாள். "அடுத்த வகுப்பு நான் எடுக்கறேன் மேடம்" என்றாள். நானே எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஜனவரி 8

ரங்கம் இன்றைக்குத்தான் போனை எடுத்தான்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் பாவாயி. பசங்க சர்ப்ரைஸா பண்ணிட்டானுங்க. எனக்கே தெரியாது."

"உயிரோட இருக்கறவன் பேரு. சம்மதக் கடிதத்துல நீ கையெழுத்துப் போடாம எப்படிப் போச்சு?"

அவன் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினான் போல, அது நின்றது.

"இங்க பாரு, நீ மே மாசம் ரிட்டயர் ஆகிப் போயிடுவ. எனக்கு இன்னும் மேல போகணும், டைரக்டர் போஸ்ட் இருக்குது. அந்தப் பேரு எனக்கு உபயோகப்படும். உனக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கா?"

"பாவாயைட்னு சொன்னா வெளியூர்க்காரன் வாயில நுழையுமா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"உன்னோடது நாலு அசை ரங்கா. என்னோடது மூணு."

"பாவாயி..."

"அந்தப் பேரைச் சொல்லாத. இனிமே உன் வாயால அதைச் சொல்லாத."

வைத்துவிட்டேன். கல்லுக்கு வேறு யார் பெயரை வைத்திருந்தாலும் இவ்வளவு வலிக்காது. இந்தப் பேரை வெட்டாதே என்று சொன்னவன் அவன். நான் அதை வெறுத்துக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவன்தான் ஆசையை ஊட்டிவிட்டான். மெஸ்ஸில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை. படுபாவி.

ஜனவரி 11

கட்டுரையும் வந்துவிட்டது. தமயந்தி காட்ட மாட்டேன் என்றாள், வாங்கிப் படித்தேன். கடைசியில் நன்றி சொல்கிற பகுதி. கருவி கொடுத்தவர்களுக்கு நன்றி, பண உதவிக்கு நன்றி. "மாதிரியைச் சேகரிக்க உதவிய உள்ளூர்ப் பெண்மணி ஒருவருக்கு நன்றி."

உள்ளூர்ப் பெண்மணி ஒருவர்.

அந்த மாணவனுக்கும் அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் நான் யார் என்றே தெரிந்திருக்காது. கல்லின்மேல் லேபிள் இருந்தால்தானே தெரியும்?

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதலாம் என்றாள் தமயந்தி. எழுதினோம். இரண்டு பேரும் உட்கார்ந்து, கோபத்தையெல்லாம் வடிகட்டி, மரியாதையான இங்கிலீஷில். ஆதாரம் கேட்பார்கள். பேசியதெல்லாம் போனில், எழுத்தில் இருப்பது அந்தக் கட்டைவிரல் படம் ஒன்றுதான். கல் அவனிடம். லேபிள் என்னிடம். கல் இல்லாத லேபிளை யார் மதிப்பார்கள்? போனால் போகட்டும் என்று அனுப்பினோம்.

ஜனவரி 16. மாட்டுப் பொங்கல்.

இவர் ஒரு வார்த்தைகூட, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கரும்பை நறுக்கிக்கொண்டே, "பேரு மேல ஆசைப்பட்டது தப்பில்ல அம்மிணி" என்றார்.

"வெட்கமா இருக்குதுங்க. புடவை கட்டிட்டுப் போய் போட்டோ எடுத்தேன்."

"போட்டோ நல்லாத்தான் இருக்குது. நான் என் போன்ல வெச்சிருக்கேன்" என்றார்.

அப்புறம் அழுதேன். மேல் வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

ஜனவரி 22

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து பதில். பெயர் முறைப்படி ஏற்கப்பட்டது, இனி மாற்ற முடியாது, கண்டெடுத்தவர் யார் என்பது கட்டுரை எழுதியவர்களோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். மிக்க அன்புடன்.

அதே காலை நாளிதழில் ரங்கத்தின் படம். வெள்ளக்கரட்டில் நிற்கிறான். கையில் புத்தம் புதுச் சுத்தியல், காலில் பளபள ஷூ. இத்தனை வருடத்தில் அவன் அந்தக் கரட்டில் கால் வைத்தது இதுவே முதல் முறை. சேலத்துக்கு வந்து, என் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், வேறு வழி இல்லை. என்னை வந்து பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "இளமையிலிருந்தே இந்த மண்ணின் மீது எனக்கொரு கண்" என்று பேட்டி கொடுத்திருக்கிறான். கண் இருந்தது உண்மைதான்.

செய்தித்தாளைக் கிழிக்கவில்லை. மடித்து ஓரமாக வைத்தேன்.

ஜனவரி 24. சேலம். தெளிந்த வானம், லேசான குளிர்.

இரண்டாம் ஆண்டு, காலை முதல் மணி. அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கும் முன்னே பிரகதீஷ் எழுந்தான். கையில் அந்த நாளிதழ்.

"மேடம், நம்ம ஊருல புதுசா ஒரு கனிமம் கண்டுபிடிச்சிருக்காங்க. மூணு வரி சொல்லுங்க மேடம்."

பின்பெஞ்சில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். வகுப்பைக் கவனிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு இந்த வாரம் முழுக்க என் பின்னாலேயே சுற்றுகிறாள். அவள் பாதி எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்லிக் கை காட்டினேன்.

சொல்லாமல் தள்ளிவிடலாம். பாடத்திட்டத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் இவர்கள் இனி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். எனக்குப் பிறகு இந்த வகுப்புக்கு வருகிறவரும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார். பேரை அவன் எடுத்துக்கொண்டான். பேர்க்காரணம் சொல்ல வேண்டியவள் நான்தான். அதையும் விட்டுக்கொடுக்க நான் கூலிக்கு மாரடிக்கிறேனா?

சாக்பீஸை எடுத்தேன். பொன்-னு-ரங்-கைட் என்று போர்டில் எழுதினேன்.

"நாலு அசை. னு குறில், இழுக்கக் கூடாது. எல்லாரும் சொல்லுங்க."

சொன்னார்கள். இரண்டு பேர் இழுத்தார்கள். திரும்பச் சொல்லச் சொன்னேன். தப்பாகச் சொன்னால் எனக்குப் பிடிக்காது, அது யார் பெயராக இருந்தாலும் சரி.

"மூணாவது வரி மேடம்? பேர்க்காரணம்?"

"எழுதிக்கோங்க. இந்தக் கனிமத்தைக் கண்டெடுத்தவரை நம்ப வைத்து ஏமாற்றியவரின் பெயர்."

பேனாக்கள் ஓடின. நான் சொன்னதை எழுதித்தான் இவர்களுக்குப் பழக்கம். "ஏமாற்றியவரின்" வரைக்கும் வந்த பிறகுதான் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. பின்பெஞ்சில் தமயந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கண்டெடுத்தவங்க யாருங்க மேடம்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

பக்கத்தில் எழுதினேன். பா-வா-யி. பாவை என்று கையெழுத்துப் போடுகிற மேடத்தின் முழுப் பெயர் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. போர்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது, உடையட்டும். "மூணு அசை. நடுவுல அழுத்தம். சொல்லுங்க."

சொன்னார்கள். சன்னல் கண்ணாடி அதிரச் சொன்னார்கள்.

பிரகதீஷ் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தான். எதையோ கேட்கத் தயங்கி, பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"இது பரீட்சைக்கு வருங்களா மேடம்?"

"வரும்" என்றேன். "கேள்வித்தாள் எடுக்கறது நான்தான்."